மூடி வைத்த லேப்டாப் பைக்குள் சுடுகிறது, ஸ்லீப் என்றால் உண்மையில் என்னதான் நடக்கிறது?

தூங்காவிளக்கு:

நேற்று இரவு 11 மணிக்கு லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தேன். அப்போது பேட்டரி 92 சதவீதம். காலை 8 மணிக்குப் பைக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது, ராத்திரி முழுக்க யாரோ மடியில் வைத்து வேலை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்த மாதிரி. திறந்தால் 31 சதவீதம். இந்த மாதத்தில் இது நாலாவது தடவை.

வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம், 50 வாட் மணி பேட்டரி. பேட்டரி சேவரை எப்போதும் போட்டேதான் வைத்திருக்கிறேன். இதற்கு முன் வைத்திருந்த பத்து வருடப் பழைய லேப்டாப்பை மூடி வைத்து இரண்டு நாள் கழித்துத் திறந்தாலும் கொஞ்சம்தான் குறைந்திருக்கும். பேட்டரி போய்விட்டதா, இல்லை நான் எதையாவது தப்பாகச் செய்கிறேனா?

ஒரேபோடு:

ஷட் டவுன் செய்துவிட்டு வையுங்கள், முடிந்தது கதை. ஸ்லீப், ஹைபர்னேட் என்று எதற்கு இத்தனை வகை? நான் தினமும் ராத்திரி ஷட் டவுன்தான் செய்கிறேன், ஒரு நாளும் இந்தத் தலைவலி வந்ததில்லை.

பழையகம்பி:

முதலில் கணக்கைப் பார்ப்போம். 92இல் 31 போனால் 61 சதவீதம், 50 வாட் மணியில் அது 30.5 வாட் மணி. ஒன்பது மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 3.4 வாட். உங்கள் மாதிரி லேப்டாப்பைத் திறந்து வைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, எதையும் தொடாமல் விட்டாலே நாலைந்து வாட்தான் இழுக்கும். ஆக உங்கள் லேப்டாப் தூங்கவே இல்லை, திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தது. பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டாம். கெட்ட பேட்டரியானால் பெரும்பாலும் திடீரென்று குதித்து இறங்கும்.

பழைய லேப்டாப் ஏன் தூங்கியது, இது ஏன் தூங்கவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்று ஒரு விதிமுறை கொண்டுவந்தன. மின்சாரத்தை எப்போது எதற்குக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்ற முடிவு அதற்கு முன் பெரும்பாலும் பயாஸ், அதாவது போர்டிலேயே பதிந்து வரும் ஆரம்பப் புரோகிராம், கையில் இருந்தது, இது வந்த பிறகு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கைக்குப் போனது. அதில் வரும் நிலைகள்தான் எஸ்0, எஸ்1 என்று எஸ்5 வரை போவது. எஸ்0 என்றால் விழித்திருக்கிறது, எஸ்5 என்றால் அணைந்துவிட்டது. நடுவில் நமக்கு முக்கியமானவை இரண்டு.

எஸ்3தான் உங்கள் பழைய லேப்டாப்பின் ஸ்லீப். பிராசசர், டிஸ்க், வைஃபை, திரை எல்லாவற்றுக்கும் மின்சாரம் போய்விடும், ரேமுக்கு மட்டும் இருக்கும். ரேமையும் ஏன் நிறுத்தக் கூடாது என்றால், அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெபாசிட்டரில் நிற்கும் மின்னூட்டம், அது கசிந்துகொண்டே இருக்கும். சுமார் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லா வரிசைகளையும் படித்துத் திரும்ப நிரப்பவில்லை என்றால் திறந்து வைத்த ஃபைல் எல்லாம் காற்றில் கரைந்துவிடும். அந்த நிரப்பல் செலவு மிகக் குறைவு, அதனால்தான் நாள்கணக்கில் தாங்கியது.

எஸ்4 ஹைபர்னேட். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். பேட்டரியையே கழற்றினாலும் ஒன்றும் ஆகாது.

இப்போது உங்கள் வீட்டு வில்லன். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கனெக்டட் ஸ்டாண்ட்பை என்று ஒன்று வந்தது, விண்டோஸ் 10இல் அதுவே மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது. போன் மாதிரி, திரை அணைந்திருந்தாலும் மெயில் வர வேண்டும், தொட்டதும் விழிக்க வேண்டும் என்ற ஆசை. இதில் லேப்டாப் எஸ்0ஐ விட்டுப் போவதே இல்லை. விழித்த நிலையிலேயே இருந்துகொண்டு ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் தூங்கவைக்கப் பார்க்கும். எல்லாம் ஒழுங்காகப் படுத்தால் எஸ்3க்குப் பக்கத்தில் வந்துவிடும், நான் அதை மறுக்கவில்லை. ஒரு டிரைவர், அதாவது ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள், முரண்டு பிடித்தால் போச்சு. எஸ்3 கும்பகர்ணன் என்றால் இது கோழித்தூக்கம்.

கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ஏ என்று போடுங்கள். என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

தூங்காவிளக்கு:

போட்டேன். இருப்பவை என்ற பட்டியலில் ‘ஸ்டாண்ட்பை, எஸ்0 லோ பவர் ஐடில், நெட்வொர்க் கனெக்டட்’ என்று முதலில் வருகிறது, அடுத்து ஹைபர்னேட், அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். எஸ்3 இல்லாதவை பட்டியலில் கிடக்கிறது, ஃபர்ம்வேரில் ஆதரவு இல்லை என்று காரணம் வேறு சொல்கிறது. அப்படியானால் எஸ்3 எனக்குக் கிடைக்கவே கிடைக்காதா?

பெங்குவின்73:

கிடைக்காது. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி எஸ்0ஐ மறைத்துவிடுங்கள் என்று இணையத்தில் பலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். ஃபர்ம்வேரில், அதாவது போர்டிலேயே எழுதி வரும் மென்பொருளில், எஸ்3 இல்லாத மெஷினில் அப்படி மாற்றினால் மெனுவில் ஸ்லீப் என்ற வரியே காணாமல் போகும்.

லினக்ஸ் பக்கமும் இதே கதைதான். சிஸ், பவர், மெம் ஸ்லீப் என்ற பாதையில் இருக்கும் ஃபைலைத் திறந்தால் எஸ்2ஐடில், டீப் என்று இரண்டு சொல் இருக்கும், எதைச் சுற்றிச் சதுர அடைப்பு இருக்கிறதோ அதுதான் நடப்பில் உள்ளது. டீப் என்பது எஸ்3. என் பழைய மெஷினில் இரண்டும் இருக்கிறது, புதியதில் எஸ்2ஐடில் மட்டும்தான். ஒரு வாரம் ஃபோரம் ஃபோரமாக மேய்ந்தேன், இல்லாததை எந்தக் கட்டளையாலும் கொண்டுவர முடியாது என்று தெரிந்துகொண்டதுதான் மிச்சம்.

அரைக்கிணறு:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். அப்படியானால் பேட்டரி சேவர் என்று ஒன்று இருக்கிறதே, அது என்னதான் செய்கிறது? நானும் அதைப் போட்டுவிட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழையகம்பி:

நல்ல கேள்வி, பாதிப் பேர் குழம்புவது இங்கேதான். பேட்டரி சேவர் முக்கியமாக நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கானது. திரை வெளிச்சத்தைக் குறைக்கும், பின்னணியில் ஓடும் ஆப்களை அடக்கும், பிராசசரைக் கொஞ்சம் நிதானமாகப் போகச் சொல்லும். நாமாகப் போடாவிட்டாலும் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் தானாக விழித்துக்கொள்வதுதான் பல வருடமாக இருந்த வழக்கம். மூடி வைத்த பிறகும் ஆப்களைக் கொஞ்சம் கட்டிப்போடும், ஆனால் அடம்பிடிக்கும் ஹார்டுவேரை அதால் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் அதிக லாபம் திரையில்தான். அடுத்தது பிராசசர், அது கொஞ்சம் சுவாரஸ்யமானது. பிராசசர் மிச்சம் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மெதுவாக ஓடுவது, மற்றொன்று ஓடாமல் இருப்பது.

மெதுவாக ஓடுவதில் ஏன் லாபம்? சிப்பில் ஓடும் மின்திறன் வோல்டேஜின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கிய விகிதத்தில் போகும். வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜையும் குறைக்க முடியும், வர்க்கம் என்பதால் அங்கேதான் பெரிய வெட்டு விழுகிறது. 1.2 வோல்ட்டில் 20 வாட் இழுக்கும் ஒரு பிராசசரைப் பாதி வேகத்தில் 0.8 வோல்ட்டில் ஓட்டினால் 4.4 வாட்டுக்கு வந்துவிடும். வேகம் பாதிதான் குறைந்தது, செலவு ஐந்தில் ஒரு பங்கு சொச்சம் ஆகிவிட்டது.

ஒரேபோடு:

அப்படியானால் இன்னும் மெதுவாக ஓட்டினால் இன்னும் லாபம். நான் பவர் ஆப்ஷனில் போய் பிராசசர் அதிகபட்சம் 25 சதவீதம் என்று வைத்துவிடப் போகிறேன்.

பழையகம்பி:

வையுங்கள், பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். எப்படி என்று சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு வேகத்தில் 10 நிமிடம் எடுக்கும் ஒரு வீடியோ மாற்றும் வேலை என்று வைத்துக்கொள்வோம். திரை, ரேம், மற்ற எல்லாம் சேர்ந்து 6 வாட். முழு வேகத்தில் 26 வாட், 10 நிமிடம், ஆக 260. பாதி வேகத்தில் 4.4ம் 6ம் சேர்ந்து 10.4 வாட், 20 நிமிடம், ஆக சுமார் 209. லாபம்தான். கால்வாசி வேகத்துக்கு வாருங்கள். வோல்டேஜ் அதே விகிதத்தில் இறங்காது, சிப்புக்கு ஒரு தரைமட்டம் இருக்கிறது, 0.7க்குக் கீழே போக மறுக்கிறது என்று வையுங்கள். பிராசசர் 1.7 வாட்தான், ஆனால் வேலை முடிய 40 நிமிடம், அந்த 40 நிமிடமும் மற்ற 6 வாட் ஓடிக்கொண்டே இருக்கும். 7.7 பெருக்கல் 40 என்றால் 308. முழு வேகத்தைவிட அதிகம்! இத்தனைக்கும் சும்மா இருக்கும்போதும் சிப்பில் கசியும் மின்சாரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எண்கள் நான் எடுத்துக்காட்டுக்குப் போட்டவை, மெஷினுக்கு மெஷின் மாறும், ஆனால் வளைவின் வடிவம் இதுதான். அதனால் பிராசசரைக் கையால் கட்டிப்போடுவதைவிட அதன் போக்கில் விடுவதே நல்லது. இன்டெல் 2015இல் ஸ்கைலேக்கோடு கொண்டுவந்த ஸ்பீடு ஷிஃப்ட் இதைத்தான் செய்கிறது, எப்போது எந்த வேகம் என்ற முடிவில் பெரும்பகுதியைச் சிப்பே எடுத்துக்கொள்கிறது.

பெங்குவின்73:

அண்ணே சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். நாம் டைப் செய்துகொண்டிருக்கும் போது திரை எப்படியும் எரியத்தான் போகிறது, அந்த 6 வாட்டை எந்த வேகத்திலும் கொடுத்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் குறைந்த வேகம் லாபம்தான். வேலை முடிந்ததும் மூடி வைக்கப்போகிறோம் என்றால்தான் அண்ணன் கணக்கு.

பழையகம்பி:

ஒப்புக்கொள்கிறேன் தம்பி, அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஓடாமல் இருப்பது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலேயே உங்கள் பிராசசர் நொடிக்குப் பல நூறு தடவை தூங்கி எழுகிறது. இதற்குப் பெயர் சி-ஸ்டேட். சி1 என்றால் கடிகாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு நிற்பது, சி6 என்றால் பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதிகளில் ஒன்றான கோர் தன் நிலையை ஒரு மூலையில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தையே ஏறக்குறைய துண்டித்துக்கொள்வது, சி10 வரை போனால் சிப் மொத்தமும் அடங்கிவிடும். ஆழமாகப் போகப் போக எழுந்து வர நேரம் பிடிக்கும். அதனால் அடுத்த வேலை எப்போது வரும் என்று பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு ஆழம் போகலாம் என்று முடிவு செய்யும்.

சிக்கல் என்னவென்றால், விண்டோஸின் டைமர் இயல்பாக 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 64 தடவை, தட்டும். ஏதாவது ஒரு புரோகிராம் எனக்கு 1 மில்லிநொடி வேண்டும் என்று கேட்டால் நொடிக்கு 1000 தடவையாகிவிடும். வேலை ஒன்றும் இருக்காது, சும்மா தட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டினால் யார்தான் பாயை விரித்துப் படுப்பார்கள்? டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 2 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்று புலம்புகிறவர்கள் பலருக்கு வியாதி இதுதான்.

கடித்தஆப்பிள்:

மேக்கில் இந்தப் பஞ்சாயத்து குறைவு, கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். மூடினால் ரேமுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதி வைத்துக்கொள்ளும் சேஃப் ஸ்லீப் 2005லிருந்தே இருக்கிறது. பேட்டரி தீர்ந்தாலும் நகலிலிருந்து எழுந்துவிடும்.

பெங்குவின்73:

பவர் நேப் என்று ராத்திரியில் எழுந்து மெயில் பார்ப்பதும் உங்கள் மேக்தானே ஐயா, 2012லிருந்து.

கடித்தஆப்பிள்:

அதை அணைத்துவிட்டேன் 😀

அரைக்கிணறு:

சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை, ஒருமுறை என் லேப்டாப்பைத் தூக்கி இன்னொரு மூடிய லேப்டாப் மேல் வைத்தேன், உடனே திரை அணைந்துவிட்டது. எடுத்தால் எரிகிறது, வைத்தால் அணைகிறது. பேய் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

பழையகம்பி:

பேய் இல்லை, காந்தம். மூடியில் ஒரு குட்டிக் காந்தம் இருக்கும், கீழ்ப்பகுதியில் ஹால் சென்சார் இருக்கும். காந்தம் பக்கத்தில் வந்தால் மூடி மூடிவிட்டது என்று அர்த்தம். கீழே இருந்த லேப்டாப்பின் காந்தம் மேலே இருந்ததை ஏமாற்றிவிட்டது.

தூங்காவிளக்கு, அடுத்த வேலை. அதே கட்டளையில் ஏ என்ற எழுத்துக்குப் பதில் ஸ்லீப் ஸ்டடி என்று ஒட்டி அடியுங்கள், இந்த முறை அட்மினாகத் திறக்க வேண்டும். ஒரு ரிப்போர்ட் ஃபைல் வரும், பிரவுசரில் திறக்கும். அதில் நேற்று ராத்திரியின் வரியைப் பிடித்து, டிரிப்ஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். உண்மையான ஆழ்ந்த உறக்கத்தில் எத்தனை பங்கு நேரம் இருந்தது என்பதுதான் அது. அதற்குக் கீழேயே யார் தூங்கவிடவில்லை என்ற பட்டியலும் இருக்கும்.

ஒரேபோடு:

இவ்வளவு ஆராய்ச்சிக்கு ஷட் டவுன் பட்டனை அழுத்திவிட்டுப் போகலாம் என்று இன்னமும் சொல்கிறேன்.

பெங்குவின்73:

ஒரேபோடு அண்ணா, கோபித்துக்கொள்ளாமல் ஒன்று செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சிபியுவைத் தட்டுங்கள், கீழே அப் டைம் என்று ஒன்று ஓடும். எவ்வளவு என்று சொல்லுங்கள்.

ஒரேபோடு:

19 நாள் 4 மணி என்று காட்டுகிறது. இது எப்படி? நேற்று ராத்திரிகூட ஷட் டவுன் செய்தேனே!

பெங்குவின்73:

நீங்கள் 19 நாளாக ஷட் டவுன் செய்யவே இல்லை. விண்டோஸ் 8லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கிறது. ஷட் டவுனை அழுத்தினால் உங்களை லாக் அவுட் செய்துவிட்டு, விண்டோஸின் மையமான கெர்னல் பகுதியை அப்படியே ஹைபர்னேட் செய்துவிடும். காலையில் அதையே திரும்ப ஏற்றும். பேட்டரி வடியாது, அந்த வகையில் உங்கள் ஆலோசனை சரிதான், ஆனால் நீங்கள் திட்டிக்கொண்டிருந்த ஹைபர்னேட்டைத்தான் தினமும் பாதி பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைத் தட்டினால் முழுதாக அணையும். ரீஸ்டார்ட் எப்போதும் முழுதாகவே நடக்கும், ஏதாவது கோளாறு என்றால் எல்லோரும் ரீஸ்டார்ட் செய் என்று சொல்வது அதனால்தான்.

ஒரேபோடு:

...

அரைக்கிணறு:

ஹைபர்னேட் செய்தால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்தினார். 16 ஜிபி ரேம் என்றால் ஒவ்வொரு தடவையும் 16 ஜிபி எழுதாதா?

பழையகம்பி:

எழுதாது. பயன்பாட்டில் இருப்பதை மட்டும் சுருக்கி எழுதும், விண்டோஸ் 10 இதற்கு இயல்பாக ஒதுக்கும் ஃபைலே ரேமில் 40 சதவீத அளவுதான், உங்களுக்கு 6.4 ஜிபி. ஒரு தடவைக்கு 5 ஜிபி என்று வைத்து நாளைக்கு இரண்டு தடவை செய்தால் வருடத்துக்கு 3.65 டெராபைட். 500 ஜிபி எஸ்எஸ்டிகளில் பலவற்றுக்கு 300 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளரே உத்தரவாதம் தருகிறார். வகுத்துப் பாருங்கள், 80 வருடம். அதற்குள் கீபோர்டு, திரை, நாம், எல்லாம் தேய்ந்துவிடுவோம்.

வெளியே எடுத்துப் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்லீப்பில் ரேம் உயிரோடு இருப்பதால் டிஸ்க்கைப் பூட்டிய என்கிரிப்ஷன் சாவியும் அதிலேயே இருக்கும். ரேமைக் குளிரவைத்தால் மின்சாரம் போன பிறகும் சிறிது நேரம் தகவல் நிற்கும், அதிலிருந்து சாவியை எடுக்கலாம் என்று 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். ஹைபர்னேட்டில் அந்தக் கதை இல்லை.

தூங்காவிளக்கு:

ரிப்போர்ட் எடுத்துவிட்டேன். நேற்று ராத்திரி வரி முழுக்கச் சிவப்பு. டிரிப்ஸ் 11 சதவீதம்தான்! ஒன்பது மணி நேரத்தில் ஒரு மணி நேரம் தூங்கியிருக்கிறது. பட்டியலில் முதலில் நிற்பது யுஎஸ்பி கன்ட்ரோலர், 87 சதவீத நேரம் விழித்திருக்கிறது. யுஎஸ்பியில் நான் எதையும் மாட்டவில்லையே என்று எழுத உட்கார்ந்தேன், அப்புறம்தான் பக்கவாட்டில் பார்த்தேன். வயர்லெஸ் மௌஸின் ரிசீவர், நகக்கண் அளவு, மாட்டியதிலிருந்து கழற்றியதே இல்லை. மௌஸும் அதே பையில்தான் கிடக்கிறது.

பழையகம்பி:

பிடித்தாயிற்று. ரிசீவரைக் கழற்றிவிட்டு இன்று ராத்திரி வைத்துப் பாருங்கள். கூடவே பவர் ஆப்ஷனில் ஹைபர்னேட் ஆஃப்டர் என்பதை 120 நிமிடம் என்று வையுங்கள், பேட்டரிக்கு மட்டும் போதும். இரண்டு மணி நேரம் வரை தொட்டதும் எழும், அதற்கு மேல் யாரும் தேடவில்லை என்றால் முழுதாக அணைந்துவிடும். ஒரேயடியாக மூடியதும் ஹைபர்னேட் என்றும் வைக்கலாம், ஆனால் பகலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடித் திறக்கிறவர்களுக்கு அது எரிச்சல்.

தூங்காவிளக்கு:

மூன்று ராத்திரி பார்த்துவிட்டு எழுதுகிறேன். முதல் ராத்திரி ரிசீவரை மட்டும் கழற்றினேன், ஹைபர்னேட்டைத் தொடவில்லை. டிரிப்ஸ் 94, 9 மணி நேரத்தில் 5 சதவீதம் இறங்கியது. இரண்டாவது ராத்திரி ஹைபர்னேட்டும் சேர்த்து, 88இல் மூடினேன், காலையில் 86. மூன்றாவது ராத்திரி சோதனைக்காக ரிசீவரைத் திரும்ப மாட்டி, மௌஸை மேஜை டிராயரில் போட்டுவிட்டு வைத்தேன், டிரிப்ஸ் 60க்கு இறங்கியது, ஹைபர்னேட் வந்து காப்பாற்றியது. ஆக மௌஸ் அசையாவிட்டாலும் ரிசீவர் சும்மா இருப்பதில்லை. எல்லா ரிசீவரும் இப்படியா, இல்லை என்னுடையது மட்டும்தானா?

பழையகம்பி:

எல்லாம் இல்லை. ஒழுங்காக எழுதிய டிரைவர் என்றால் சும்மா இருக்கும்போது அந்த யுஎஸ்பி வாயைத் தூங்கவைத்துவிடும். உங்களுடையதில் அந்தக் கலை இல்லை.

தூங்காவிளக்கு:

கழற்றிப் பைக்குள் போட்டால் நிச்சயம் தொலைத்துவிடுவேன். மௌஸைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ரிசீவரைச் சொருகி வைக்க ஒரு பள்ளம் இருக்கிறது, பக்கத்திலேயே ஆன் ஆஃப் ஸ்விட்ச்சும். ஒரு வருடமாக என் கைக்குக் கீழேதான் இருந்திருக்கிறது.

ஒரேபோடு:

ஷிஃப்ட் அழுத்தி ஷட் டவுன் செய்தேன். அப் டைம் இப்போது 6 நிமிடம்.